மெஷின் டிராயிங் அரியர்

எங்கள் கம்பெனி பஸ் படப்பையிலிருந்து ஒரகடம் போகிற வழியில், நான் படித்த பாலிடெக்னிக் வலது பக்கம் வரும். அதனால் வேலைக்குப் போகும்போது இடது பக்கத்து சீட்டில் உட்காருவேன். ஷிப்ட் முடிந்து திரும்பும்போது அது இடது பக்கம் வரும், அப்போது வலது பக்கத்து சீட்டு. இடம் கிடைக்காவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி நடிப்பேன். 2001-லிருந்து 2005 வரை நான்கு வருஷம் இதே கதைதான். படித்த இடத்தைப் பார்த்தால் சிலருக்குக் கண் கலங்கும் என்று சொல்கிறார்கள். எனக்கு வயிறு எரியும்.

காரணம் ஒரே ஒரு பேப்பர், மெஷின் டிராயிங். மெக்கானிக்கல் டிப்ளமாவில் மற்ற எல்லாப் பேப்பரும் பாஸ். மெட்டலர்ஜியில்கூட பாஸ், அது எப்படி என்று எனக்கே தெரியாது. 1999 ஏப்ரலில் மெஷின் டிராயிங்கில் நேரம் போதாமல் பாதி ஷீட்டைக் காலியாக விட்டு வந்தேன், ஃபெயில். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஜூன் மாதமே காண்ட்ராக்டர் மூலமாக இந்த ஸ்டீயரிங் பாகங்கள் செய்கிற கொரியா கம்பெனிக்குள் நுழைந்துவிட்டேன். அதற்குப் பிறகு நான்கு முறை அரியர் எழுதினேன். நான்கு முறையும் முழு ஷீட்டையும் வரைந்து, கோடு கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி போட்டு, அரை மணி நேரம் முன்னாடியே எழுந்து வந்தேன். முப்பத்தொன்று, இருபத்தெட்டு, மறுபடி முப்பத்தொன்று, இருபத்தாறு.

தினமும் எட்டு மணி நேரம் டிராயிங் பார்த்து வேலை செய்கிறவன் நான். கொரியாவிலிருந்து வருகிற டிராயிங்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிப்பேன். எனக்கு இருபத்தாறு மார்க் போடுகிறவன் மனுஷனா? ஐந்தாவது முறையும் ஃபெயில் என்று வந்தபோது முடிவு செய்துவிட்டேன், இந்தக் கல்லூரிக்கும் எனக்கும் ஜென்மப் பகை. பேப்பர் திருத்துகிறவர் வேறு எங்கோ இருப்பவர், கல்லூரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கோபத்துக்கு ஒரு கட்டடம் தேவைப்பட்டது. இது தினமும் இரண்டு முறை பஸ் ஜன்னலில் வந்து நின்றது.

கம்பெனியில் யாருக்கும் இது தெரியாது. சர்டிபிகேட் எங்கே என்று கேட்டால் ஊரில் இருக்கிறது என்பேன். கோவில்பட்டி தூரம் என்பதில் இப்படியும் ஒரு சௌகரியம். கையில் வேலை சுத்தம், ஆகையால் யாரும் அழுத்திக் கேட்கவில்லை. லைன் லீடர் ஆக்கினார்கள். எனக்குக் கீழே எட்டுப் பேர். ஏதாவது சந்தேகம் வந்தால் "டிப்ளமா சாரைக் கேளு" என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் சட்டைக்குள் கட்டெறும்பு போன மாதிரி இருக்கும். ஆனாலும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

2003-இல் கல்யாணம். பத்திரிகையில் என் பேருக்குப் பக்கத்தில், மெக்கானிக்கல் டிப்ளமா முடித்தவன் என்று காட்ட, அப்பா டி.எம்.இ. என்று போட்டுவிட்டார். நான் தடுக்கவில்லை. கல்யாணமாகி மூன்றாம் மாதம் என் மனைவி சுகப்பிரியா, சர்டிபிகேட்டுகளையெல்லாம் லேமினேட் செய்து பத்திரப்படுத்தலாம் என்று கேட்டாள். அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னேன்.

அவள் எழுந்துபோய்க் கல்யாணப் பத்திரிகையை எடுத்து வந்தாள். "அப்போ பத்திரிகையில டி.எம்.இ.ன்னு போட்டிருந்தீகளே, அது என்ன இனிஷியலா?"

"ஒரு பேப்பர்தான் பாக்கி."

"ஒரு பேப்பர் பாக்கி இருந்தா அதை எழுதணும். பஸ்ல சீட்டு மாத்தி உக்காந்தா பாஸாயிருமா?"

சீட்டு விஷயத்தையும் நானே உளறியிருந்தேன். அவளிடம் எதையும் அரைகுறையாகச் சொல்ல முடியாது.

அப்படியும் இரண்டு வருஷம் தள்ளிப்போட்டேன். 2005 ஜனவரியில் எங்களுக்குப் புது எச்.ஆர். மேனேஜர் வந்தார். வனமாமலை என்று பேர், நாங்குநேரிக்காரர். ஒவ்வொருவர் ஃபைலையும் தூசி தட்டி எடுத்தார். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"மாரிசெல்வம், நானும் நம்ம பக்கத்து ஆளுதான்யா. அதனால நேராவே சொல்லுதேன். லைன் லீடர் எல்லாரையும் பெர்மனென்ட் பண்ணப் போறோம். ஜூன் முப்பதுக்குள்ள டிப்ளமா ஒரிஜினல் என் டேபிளுக்கு வரணும். வரலேன்னா காண்ட்ராக்ட்டு ஜூலையில புதுப்பிக்க முடியாது. பெரிய இடத்து உத்தரவு. கோவில்பட்டியில இருந்து எடுத்துட்டு வந்துரு, என்னா?"

எடுத்துக்கொண்டு வருகிறேன் சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கோவில்பட்டியில் என்ன இருக்கிறது, எடுத்து வர? அதே வாரம் பாலிடெக்னிக்குக்கு போன் போட்டு விசாரித்தேன். எங்கள் பழைய சிலபஸில் அரியர் எழுத வருகிற ஏப்ரல்தான் கடைசி முறையாம். அதில் தவறினால் டிப்ளமாவும் இல்லை, வேலையும் இல்லை.

மூன்று மாதம் பயிற்சி செய்தேன். கோடு போடுகிற மினி டிராஃப்டர் துருப்பிடித்துப்போயிருந்தது, அதற்கு சுகப்பிரியா தையல் மெஷின் எண்ணெய் போட்டுக் கொடுத்தாள். ஷிப்ட் முடிந்து வந்து தரையில் போர்டைப் போட்டு வரைவேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்வாள். வேகத்தில் குறையில்லை, சுத்தத்திலும் குறையில்லை. ஆனால் பழைய இருபத்தாறும் இதே சுத்தத்தோடு வாங்கியதுதான் என்று நினைத்தால் சோறு இறங்காது.

பரீட்சை அன்றைக்குக் காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு, ஷேர் ஆட்டோவில் போய் கல்லூரி வாசலில் இறங்கினேன். வாட்ச்மேன் சல்யூட் அடித்தார். "எக்ஸாம் டூட்டியா சார்? ஆபீஸ் அந்தாண்ட."

எக்ஸாம்தான், டூட்டி இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். கட்டடத்துக்கு இன்னொரு மாடி ஏறியிருந்தது. வொர்க்ஷாப் கூரையை மாற்றியிருந்தார்கள். கான்டீன் இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் லேப். அந்தக் கான்டீனில் சாம்பார் என்று ஊற்றியதை நான் மன்னிக்கவே மாட்டேன் என்று இருந்தேன், ஆனால் கான்டீன் இல்லாததைப் பார்த்ததும் எதையோ பறிகொடுத்த மாதிரி இருந்தது.

டிராயிங் ஹால் மட்டும் அப்படியே இருந்தது. அதே சாய்வு மேஜைகள், அதே உயரமான ஸ்டூல்கள். நான் உள்ளே நுழைந்ததும் நாற்பது பேர் எழுந்து நின்று "குட்மார்னிங் சார்" என்றார்கள். நான் சட்டையை பேன்ட்டுக்குள் விட்டு, ஷூ போட்டுப் போயிருந்தது தப்பாகப் போயிற்று. ஒன்றும் சொல்லாமல் என் நம்பர் ஒட்டியிருந்த மேஜையைத் தேடி உட்கார்ந்தேன்.  பிறகு யாரோ சிரித்தார்கள், அது வரிசையாகப் பரவியது.

சிரிக்காதவன் ஒருத்தன்தான். இரண்டு மேஜை தள்ளி, முகம் வெளிறிப்போய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சக்திகுமார், என் லைனில் நான்காவது ஸ்டேஷன் ஆபரேட்டர். அக்கா வீட்டில் வளைகாப்பு என்று என்னிடம்தான் லீவு வாங்கியிருந்தான். அவன் ஐ.டி.ஐ. படித்தவன் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். அவன் மெதுவாகத் தலையை அசைத்தான், நானும் அசைத்தேன். உன்னுடையதை நான் சொல்ல மாட்டேன், என்னுடையதை நீ சொல்லாதே என்பதற்கு அதற்குமேல் பேச்சு தேவையில்லை.

அதற்குள் இன்விஜிலேட்டர் ஷீட்டுக் கட்டோடு உள்ளே வந்தார். பச்சைப் புடவை, கண்ணாடி. எங்கேயோ பார்த்த நடை. ஷீட் கொடுத்துக்கொண்டே என் மேஜைக்கு வந்து ஹால் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது.

மஞ்சுளா.

எங்கள் வகுப்பில் அறுபது பேர், அதில் ஒரே பெண் அவள்தான். வல்லக்கோட்டைப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். மூன்று வருஷமும் முதல் மார்க் அவளுக்குத்தான். கடைசி வருஷம் ஒரு கம்பெனி ஆள் எடுக்க வந்தபோது லிஸ்டில் முதல் பேர் அவளுடையது. மூன்று ஷிப்ட் வேலை, பெண்பிள்ளை சரிப்படாது என்று அவளை உட்காரவே விடவில்லை. அவள் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றாள். நான் பக்கத்தில் இருந்தவனிடம், "அப்பாடா, ஒரு ஆள் கொறஞ்சுதுடா" என்று சொல்லிச் சிரித்தேன். அவள் காதில் விழாத மாதிரி சொல்லவில்லை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஹால் டிக்கெட்டில் கையெழுத்துப் போட்டாள். தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. நல்லது என்று ஒரு பக்கம் நிம்மதி, இவள் முன்னாலா என்று ஒரு பக்கம் அவமானம். ஸ்டூலுக்கு அடியில் பூமி பிளந்தால் தேவலாம் என்று இருந்தது.

பெல் அடித்தது. மஞ்சுளா கேள்வித்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, "வரையறதுக்கு முன்னாடி மேல போட்டிருக்கிறத எல்லாரும் படிச்சிக்குங்க" என்றாள். எல்லோரும் படித்துவிட்ட மாதிரி தலையாட்டினோம். யார் படிக்கிறார்கள்? நேராகக் கேள்விக்குப் போனேன். பிளம்மர் பிளாக். சுழலும் ஷாஃப்ட்டைத் தாங்குகிற பேரிங்குக்கு ஒரு வீடு கட்டின மாதிரி இருக்கும், அதுதான். பாகம் பாகமாகக் கொடுத்திருப்பார்கள். எல்லாவற்றையும் சேர்த்து முன்னாலிருந்து பார்த்து ஒரு படம், இடது பக்கம் நின்று பார்த்து ஒரு படம் வரைய வேண்டும். நான்கு மணி நேரம்.

கை தானாக ஓடியது. இரண்டரை மணி நேரத்தில் இரண்டு படமும் முடிந்து, வலது பக்கத்தில் பாகங்களின் அட்டவணையும் போட்டுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் மற்றவர்கள் இன்னும் குனிந்திருந்தார்கள். இந்த முறை தப்பாது என்று நினைத்தேன். போன நான்கு முறையும் இதையேதான் நினைத்தேன்.

மஞ்சுளா மேஜை மேஜையாக நடந்துகொண்டிருந்தாள். என் பின்னால் வந்து ஒரு நொடி நின்றது தெரிந்தது.  பிறகு அவள் முன்னால் போய், ஹால் முழுவதற்கும் கேட்கும்படி கேள்வித்தாளைப் பார்த்து ஒரு வரியை நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"ஃபர்ஸ்ட் ஆங்கிள் ப்ரொஜெக்ஷன்ல வரையவும். இதான் மேல போட்டிருக்குது. அதோட சிம்பலைக் கீழ கட்டத்துல போட்டாச்சான்னு எல்லாரும் ஒரு தடவ பாத்துக்குங்க."

சிம்பல் என்பது ஓரத்தில் போடுகிற சின்னப் படம். ஒரு கூம்பு, பக்கத்தில் ஒரு வட்டம். ஃபர்ஸ்ட் ஆங்கிளுக்குக் கூம்பு இடது பக்கம், வட்டம் வலது பக்கம். அதுகூடவா தெரியாது என்று அலட்சியமாக வரைந்தேன். வரைந்துவிட்டு மேலே என் பெரிய படத்தைப் பார்த்தேன்.

பென்சிலைக் கீழே வைத்தேன்.

நம்மூர்க் கல்லூரிகளில், இடது பக்கம் நின்று பார்த்த படத்தை முன்படத்துக்கு வலது பக்கம் போட வேண்டும். அதுதான் ஃபர்ஸ்ட் ஆங்கிள். கொரியாக்காரன் அப்படிப் போட மாட்டான். இடது பக்கம் பார்த்ததை இடது பக்கமே போடுவான், அதற்குத் தேர்ட் ஆங்கிள் என்று பேர். ஆறு வருஷமாக நான் பார்த்த டிராயிங் எல்லாம் கொரியாக்காரனுடையது. என் கை கொரியாக் கையாக மாறி எத்தனையோ நாளாகியிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. இடது படம் இடது பக்கத்தில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. முப்பத்தொன்றும் இருபத்தெட்டும் இருபத்தாறும் எங்கிருந்து வந்தன என்று அந்த நொடியில் விளங்கிவிட்டது. எந்தப் படுபாவியும் எனக்குப் பகையில்லை. அந்தப் படுபாவி நானேதான்.

ரப்பரை எடுத்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. என் ரப்பர் மட்டும் இல்லை, ஹாலில் பாதிப் பேர் அழித்துக்கொண்டிருந்தார்கள். சரக் சரக்கென்று மேஜைகள் ஆடின. சக்திகுமார் பல்லைக் கடித்துக்கொண்டு அழித்துக்கொண்டிருந்தான். சும்மா வரைந்துகொண்டிருந்தவர்கள் புதுப் பையன்கள். அழித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் என்னைப் போல ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கம்பெனி வேலையில் இருப்பவர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஒன்றரை மணி நேரம் இருந்தது. அட்டவணையை அழித்தால்தான் வலது பக்கம் இடம் கிடைக்கும். அழுத்தி அழித்தால் ஷீட் கிழியும், மெதுவாக அழித்தால் நேரம் போகும். மனசுக்குள் சுகப்பிரியா கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது படத்தை முழுசாக எடுத்தேன். அட்டவணையை எடுத்தேன். வலது பக்கம் புதிதாகப் படத்தை ஏற்றினேன். டிராஃப்டர் கையில் வழுக்கியது, வேர்வையை முழங்கையால் துடைத்துத் துடைத்து வரைந்தேன். மஞ்சுளா "இன்னும் பத்து நிமிஷம்" என்றபோது அட்டவணையை இடது மூலையில் எழுதிக்கொண்டிருந்தேன். பெல் அடிக்கும்போது கடைசிப் பாகத்துக்குக் குறுக்குக் கோடு போடவில்லை. மற்றதெல்லாம் இருந்தது.

அவள் வந்து என் ஷீட்டை வாங்கினாள். ஒரு முறை பார்த்தாள். சுருட்டாமல், மடங்காமல், கட்டின் மேல் வைத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனாள்.

ஹால் காலியாகி, அவள் ஷீட்டுக் கட்டை ஆபீஸில் ஒப்படைத்துவிட்டு வரும்வரை வராந்தாவில் நின்றேன். ஓடிவிடலாம் என்று இரண்டு முறை தோன்றியது. அவளே வந்து சிரித்தாள்.

"இன்னா மாரி, எப்படி கீற? ஹால்ல பேசக்கூடாது, அதான் தெரியாத மாதிரி இருந்தேன். தப்பா எடுத்துக்காத."

"மஞ்சுளா, எனக்காக நீ..."

"ஐயே, உனுக்காக இல்ல. எல்லாருக்கும் சொல்றதுதான். மூணு வருஷமா சொல்லிக்கினு வரேன்."

அவள் சொன்னாள். 2001-இல், நான் ஐந்தாவது முறை எழுதிவிட்டுப் போன பிறகுதான், இங்கே டிராயிங் ஹாலில் இன்ஸ்ட்ரக்டராகச் சேர்ந்திருக்கிறாள். சாயந்தரத்தில் பார்ட் டைம் பி.இ. போகிறாள். அரியர் ஹாலில் ஷீட் வாங்கி வாங்கி ஒரு விஷயம் கண்ணில் பட்டதாம். சுத்தமாக, வேகமாக, முழுசாக வரைகிறவர்களே திரும்பத் திரும்ப ஃபெயிலாகி வருகிறார்கள். படிக்காதவன் ஃபெயிலானால் சரி, இவன் ஏன்? ஒருத்தனைப் பிடித்து, ஏன் இந்தப் பக்கம் போட்டாய் என்று கேட்டிருக்கிறாள். "கம்பெனில இப்படித்தான் மேடம்" என்றானாம்.

"மொதல்ல ஆரம்பத்திலயே படிச்சிக் காட்டினேன். எவனும் காதுல வாங்கல. தெரியும் தெரியும்னு சொல்லிட்டு, கை அது பாட்டுக்குப் போட்டுக்கினே போவுது. அதனால, பாதி முடிஞ்சப்புறம் இன்னொரு வாட்டி படிக்கிறேன். கேள்வித்தாள்ல இருக்கிறததான் படிக்கிறேன், ஒரு வார்த்த கூட சேக்கறதில்ல. யாரும் ஒண்ணும் கேக்க முடியாது." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "நீ 2002-லயே வந்திருந்தா அப்பவே பாஸ் பண்ணியிருப்ப. இன்னா கோவமோ உனுக்கு, இந்தப் பக்கமே காணோம்."

 நான் பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன அத்தனை நாளும், உள்ளே ஒருத்தி என்னைப் போன்றவர்கள் ஏன் விழுகிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளை வேலைக்கு எடுக்காத கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களுக்காக. அவளைப் பார்த்துச் சிரித்தவனும் அதில் ஒருத்தன்.

"அன்னைக்கு வராந்தாவில நான் ஒண்ணு சொன்னேன்" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். காதுல வுழுந்துது." அவள் அதை அதோடு விட்டாள், நானும் நோண்டவில்லை. மன்னிப்பு கேட்கக்கூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை. "ரொம்ப நன்றி மஞ்சுளா" என்று மட்டும் சொன்னேன். கண்ணில் நீர் முட்டியது, மறைக்கவும் இல்லை.

அவளும் கொஞ்சம் தடுமாறிப்போனாள். பேச்சை மாற்றுகிற மாதிரி சொன்னாள். "நன்றியெல்லாம் இருக்கட்டும். உங்க கம்பெனிய உள்ள வந்து பாக்க முடியுமா? இந்த பிளம்மர் பிளாக்க முந்நூறு தடவ வரைஞ்சிருப்பேன். ஓடுற லைன் ஒண்ண நான் கண்ணால பாத்ததில்ல. பசங்களைக் கூட்டிக்கினு வரோம்னு வருஷா வருஷம் கம்பெனிங்களுக்கு லெட்டர் போடறேன். கேட்ல வாங்கி வெச்சிக்கிறாங்க, அவ்ளோதான்."

"பாஸானா முதல் வேலை அதுதான்" என்றேன். ஆகாவிட்டால் நானே கேட்டுக்கு வெளியேதான் நிற்பேன் என்பதை இரண்டு பேருமே சொல்லவில்லை.

ரிசல்ட் ஜூன் மாதம் இரண்டாம் வாரம் வந்தது. படப்பையில் ஒரு பிரவுசிங் சென்டரில் நானும் சுகப்பிரியாவும் ஒரே நாற்காலியில் பாதிப் பாதியாக உட்கார்ந்து பார்த்தோம். ஐம்பத்தெட்டு. பாஸ். சுகப்பிரியா திரையில் விரலை வைத்து நம்பரை இரண்டு முறை சரிபார்த்தாள். பிறகு, "இனிமே பஸ்ல எந்தப் பக்கம் வேணும்னாலும் உக்காருங்க" என்று சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். சென்டர்க்காரர் பயந்துபோய், "இன்னா சார், ஃபெயிலா?" என்றார்.

கல்லூரிக்கும் பரீட்சை போர்டுக்கும் நடையாய் நடந்து ஜூன் இருபத்தெட்டாம் தேதி ஒரிஜினலை வனமாமலை சார் மேஜையில் வைத்தேன். அவர் அதைத் தூக்கிப் பார்த்தார். ஏப்ரல் 2005 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. என்னைப் பார்த்தார்.

"கோவில்பட்டியில இருந்து வந்ததாய்யா இது? இங்க் வாடையே இன்னும் போகலியே."

நான் தலையைக் குனிந்தேன். அவர் ஃபைலில் கோத்துவிட்டு, "சரி, ஒரிஜினல்னுதான கேட்டேன். வந்துட்டுல்லா, போ" என்றார். அன்றைக்கே அவரிடம் இன்னொன்றும் கேட்டேன். முகத்தைச் சுளித்தார், யோசித்தார், கடைசியில் ஒப்புக்கொண்டார். பெர்மனென்ட் ஆர்டர் வந்த பிறகு நான் எழுதிய முதல் கடிதம், பாலிடெக்னிக் டிராயிங் இன்ஸ்ட்ரக்டருக்கும் இருபத்து நான்கு மாணவர்களுக்கும் அனுமதிக் கடிதம்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை கல்லூரி பஸ் எங்கள் கேட்டுக்குள் வந்தது. மஞ்சுளா இறங்கி, தலையில் தொப்பியும் கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு லைனுக்குள் வந்தாள்.  ஒவ்வொரு மெஷின் முன்னாலும் நின்று, இது எங்கே பிடிக்கிறது, அது எதைத் தள்ளுகிறது என்று சின்னப் பிள்ளை மாதிரி பார்த்தாள். மாணவர்கள் அவளுக்குப் பின்னால் வரிசையாக வந்தார்கள். வனமாமலை சாரும் கைகட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

லைன் ஓடும்போது யாரும் ஸ்டேஷனை விட்டு நகரக்கூடாது, அது சட்டம். நான்காவது ஸ்டேஷனுக்கு வந்தபோது சக்திகுமார் கையை நிறுத்தாமல், மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தினான்.

"வணக்கம் மேடம். 2005 ஏப்ரல், மூணாவது அட்டெம்ப்ட்."

மஞ்சுளா திகைத்துப்போய் நின்றாள். அடுத்த ஸ்டேஷனில் இருந்த ஐயனார் திரும்பிப் பார்த்தான். மூன்று வருஷமாக என் கீழே வேலை செய்கிறான், வாயைத் திறந்து சொந்த விஷயம் ஒரு வார்த்தை பேசியதில்லை. "2003 அக்டோபர் மேடம், நாலாவது. நீங்க அன்னைக்குப் படிச்சுக் காட்டுனீங்கல்லா, அதுல" என்றான். ஏழாவது ஸ்டேஷன் இசக்கியப்பன் ஸ்பேனரைத் தூக்கிக் காட்டினான். "2004 ஏப்ரல் மேடம், ரெண்டாவது!"

என் லைனில் எட்டுப் பேர், அதில் மூன்று பேர் அவள் குரலைக் கேட்டு ரப்பரை எடுத்தவர்கள். சக்திகுமாரைத் தவிர மற்ற இரண்டு பேர் விஷயம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மூன்று பேரும் என்னிடம் மறைத்திருக்கிறார்கள், டிப்ளமா சார் என்ன நினைப்பாரோ என்று. மூன்று பேரும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மற்ற ஐந்து பேரும், இருபத்து நான்கு மாணவர்களும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சக்திகுமார் மட்டும் என்னைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கொடுத்த வாக்கை அப்போதும் காப்பாற்றினான்.

 இத்தனை வருஷம் ஊரில் இருக்கிறது, ஊரில் இருக்கிறது என்று சொன்ன அதே வாயைத் திறந்தேன். எட்டாவது ஸ்டேஷன் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"2005 ஏப்ரல். ஆறாவது அட்டெம்ப்ட், மேடம். நீங்க படிச்சுக் காட்டலேன்னா ஏழாவது கெடையாது."

மஞ்சுளா பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தன் மாணவர்கள் பக்கம் திரும்பினாள்.

"நல்லா பாத்துக்குங்க. இவன் என் கிளாஸ்மேட்" என்றாள்.